மஞ்சப்பையும் பழுப்பு உறையும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் இங்கிலாந்துக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதலில் லெஸ்டர், இப்போது கோவன்ட்ரி. இந்தத் தடவை 5 வாரம் விடுப்பு கிடைத்தது. அதில் பாதி அப்பாவோடு ஆஸ்பத்திரி அலைவதிலேயே போய்விட்டது.

போய் இறங்கிய மறுநாள் காலை, கட்டிலிலிருந்து எழுந்த அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். தலைசுற்றல். "ரெண்டு மாசமா இப்படித்தான்" என்றார் அம்மா. கால் இரண்டும் கணுக்காலுக்கு மேல் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அப்பாவுக்கு வயது 74. சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக உண்டு.

"அப்பாவுக்கு யாரும்மா டாக்டர்?" என்று கேட்டேன். "எதுக்குப் பார்க்கிற டாக்டர்?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். சர்க்கரைக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், கால் வீக்கத்துக்குத் தஞ்சாவூரில் ஒருவர். பிறகு அலமாரியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து கட்டிலில் கொட்டினார். நான்கு வருடத்துச் சீட்டுகள், எழுத்து மங்கிப்போன இ.சி.ஜி. தாள்கள், மடித்து மடித்துக் கிழிந்த ரத்தப் பரிசோதனை முடிவுகள். இரண்டு எக்கோ ரிப்போர்ட்டுகளும் இருந்தன. ஆறு வார இடைவெளியில் இரண்டு இடத்தில் எடுத்தவை. இரண்டிலும் இதயம் நன்றாக இயங்குகிறது என்றே போட்டிருந்தது. இரண்டாவது இடத்தில் முதல் ரிப்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கும் எடுத்துக் காட்டத் தோன்றவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது இந்த மூவரில் யாரும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண் அந்த வாரம் மாத்திரை கொடுக்க வந்திருந்தார். திண்ணையில் அப்பாவை உட்காரவைத்து பிரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார். "அக்கா, நின்னா நூறுக்குக் கீழ போகுது. வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே ஐயாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுநாள் வரிசை வாசல் வரை நின்றது. மருத்துவ அலுவலர் இளம் பெண். மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். அரசு அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயரே பெரிதாக இருந்தது. தனியார் டாக்டர் எழுதிய அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், அதற்குக் கீழே இரண்டு மருந்துகளின் பெயர் பொடி எழுத்திலும் இருந்தன. அந்த இரண்டில் ஒன்று, அதே அம்லோடிபின். அப்பா ஒரே மருந்தை இரண்டு பெயரில் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். அம்லோடிபின் அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்கும். அந்த வீக்கத்தைப் பார்த்த மூன்றாமவர் நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார். அது பிரஷரை இன்னும் இறக்கியது. தலைசுற்றல் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

மூவரும் படித்த, அக்கறையுள்ள மருத்துவர்கள். தங்கள் முன்னால் வந்ததற்கு ஒவ்வொருவரும் சரியாகத்தான் மருந்து எழுதியிருக்கிறார்கள். முழுப்பையையும் பார்ப்பது என்பதுதான் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்டது, "அங்கெல்லாம் வைத்தியம் இலவசமாமே?" என்றுதான். இலவசம்தான். அன்யூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது, வரிப்பணத்தில் நடக்கிறது. ஆனால் நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதில் இலவசம் இரண்டாவதுதான் என்று அன்று அந்த மேசை முன்னால் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அரசு ஆஸ்பத்திரியில் இங்கேயும் இலவசம்தானே. அங்கே எனக்கென்று ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார். அவரிடம் பெயரைப் பதிவு செய்திருக்கிறேன். அவசரமாக இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மற்றபடி சிறப்பு மருத்துவர் யாரைப் பார்க்கவும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். சிறப்பு மருத்துவர் என்ன சொன்னார், என்ன மாற்றினார் என்ற கடிதம் அவருக்கே திரும்பி வரும். லெஸ்டரிலிருந்து கோவன்ட்ரிக்கு வீடு மாறியபோது புது இடத்தில் ஒரு படிவம் நிரப்பினேன், அவ்வளவுதான். என் மருத்துவக் குறிப்புகள் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைப்போம். அங்கே இது காகிதத்தில் ஆரம்பித்த பழக்கம். 1911இல் லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதை ஒட்டி, நோயாளியின் குறிப்புகளைப் போட்டுவைக்க ஒரு சிறிய பழுப்பு உறையும் வந்தது. இன்றும் அதை லாயிட் ஜார்ஜ் உறை என்றுதான் சொல்கிறார்கள். ஆள் ஊர் மாறினால் உறையும் அடுத்த மருத்துவரிடம் போகும். குடும்ப மருத்துவரின் வரவேற்பறைக்குப் பின்னால் அந்த உறைகள் அலமாரி அலமாரியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு மஞ்சப்பையில் இருந்ததும் அதே மாதிரித் தாள்கள்தான். உறையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது மருத்துவரின் கடமை. மஞ்சப்பைக்குப் பொறுப்பு அம்மா, அம்மாவுக்கோ அதில் எழுதியிருப்பது படிக்கத் தெரியாது.

பணம் போகிற வழியையும் சொல்ல வேண்டும். அங்கே குடும்ப மருத்துவருக்கு வரும் வருமானத்தில் பெரும்பகுதி, அவரிடம் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், அவர்கள் வயதென்ன, எவ்வளவு கவனிப்பு தேவைப்படும் என்பதை வைத்து வருகிறது. எனக்கு ஒரு ஸ்கேன் எழுதுவதால் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

அதற்காக அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். காலை 8 மணிக்கு போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால்தான் அன்றைக்கு மருத்துவரைப் பார்க்க முடியும். பித்தப்பை அறுவைக்காக என் கணவர் ஒன்பது மாதம் வலியோடு இருந்தார். திட்டமிட்ட சிகிச்சை 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் அந்த இலக்கை எட்டி வருடக்கணக்காகிறது, காத்திருப்புப் பட்டியலோ 70 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. தஞ்சாவூரில் அப்பாவுக்கு ஒரு மணி நேரத்தில் எக்கோ எடுத்தார்கள். கோவன்ட்ரியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நட முடியாது.

இன்னொரு இடத்து ஏற்பாட்டை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கே மொத்தமாக, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வாங்குவது, பரிசோதனையில் தேறிய பிறகே அனுப்புவது, மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு மருந்து எடுக்கலாம் என்று காட்டும் பாஸ்புக். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. ராஜஸ்தான் 2011இல் இலவச மருந்துத் திட்டத்தை அறிவித்தபோது அறிவிப்போடு நிற்கவில்லை. கிடங்கு, பரிசோதனை, கணக்கு என்ற மொத்த ஏற்பாட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. தாய்லாந்தும் பார்க்கத் தகுந்தது. 2002இல் அங்கே எல்லோருக்குமான காப்பீடு வந்தபோது, மக்களை அருகிலுள்ள மருத்துவமனையோடும் சுகாதார நிலையத்தோடும் பதிவு செய்து, தலைக்கு இவ்வளவு என்று வெளிநோயாளி சிகிச்சைக்குப் பணம் கொடுத்தார்கள்.

நம்மிடம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பெரிய விஷயம்தான்; எங்கள் தெருவிலேயே அதில் இதய அறுவை செய்துகொண்டவர் இருக்கிறார். ஆனால் அது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்த பிறகு கைகொடுப்பது. மஞ்சப்பைக்குள் இருக்கும் செலவு, மாதாமாதம் போகும் கன்சல்டிங், மாத்திரை, ஸ்கேன் இதெல்லாம் கையிலிருந்துதான் போகிறது. தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கொடுத்தது. 2013-14இல் அது 64.2 சதவீதம். குறைந்திருக்கிறது, சந்தோஷம்தான். ஆனாலும் இதுவே அதிகம்.

ஒருவரின் மருத்துவக் குறிப்புகளை ஒன்றாக இணைப்பதற்கான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண் அப்பாவுக்கும் இருக்கிறது. ஒருமுறை டோக்கன் வாங்கப் பயன்பட்டதாம். அந்த எண்ணைத் திறந்து, மாதம் ஒருமுறையாவது இவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கக் கடமைப்பட்டவர் இன்னும் யாரும் இல்லை. ஆள் இல்லாமலும் இல்லை. கிராம சுகாதார செவிலியருக்கு அப்பாவைத் தெரியும். தன்னார்வலர் பெண்ணுக்கு எங்கள் வீட்டுத் திண்ணை தெரியும். 1946இலேயே, ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. பணம் இல்லாததால் யாருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்றும் சொன்னது. 2017இல் ஷூளகிரி, விராலிமலை, வேப்பூர் வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களை வலுப்படுத்தி முன்னோட்டமும் பார்த்தார்கள். இவ்வளவு கையில் இருக்கும்போது, இந்தக் குடும்பம் இந்த மருத்துவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதிவைப்பதும், தனியாரில் பார்த்தாலும் குறிப்பு அவரிடம் வந்தாக வேண்டும் என்று விதி செய்வதும்தான் பாக்கி. அதற்கு மருத்துவர்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பதும் தெரிகிறது. அந்த இளம் மருத்துவர் அப்பாவுக்குக் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் வெளியே வரிசை இன்னும் நீண்டுவிட்டது.

ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து இதைச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு ஃபைல், துணை சுகாதார நிலையத்தில் ஓர் அலமாரி, இரண்டு மட்டும் கேட்டேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் தங்கள் பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் மருத்துவர் இல்லை என்று சொல்லி, அட்டைகளை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன்.

போன ஞாயிறு அப்பா போனில் பேசினார். இரண்டு மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார், கால் வீக்கம் வடிந்துவிட்டது, செருப்பு மறுபடி சரியாக நுழைகிறது என்றார். சாப்பிடும் மருந்துகளை ஒரு நோட்டில் தமிழில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறாராம். அலமாரி இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபை எப்போது என்று கேட்டு வைத்திருக்கிறார்.