பழைய காருக்குப் பெட்ரோல் அழுத்த கேஜ் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

தெற்குக் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டுகளை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டியாக, ஆக்கித் தரும் ஒரு பட்டறை, பொய் காட்டும் கேஜ் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டது. அதைவிடப் பெரிய அநியாயம், பெட்ரோல் ஓடும் குழாயை நேராக டேஷ்போர்டுக்குப் பின்னால், ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே கொண்டுவந்து மாட்டியது. கார் தீப்பிடிக்கவில்லை என்பதால் இது சின்ன விஷயம் ஆகிவிடாது. இந்த ஊரில் பழைய கார் வைத்திருக்கும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும், இனி வாங்க நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

என்னுடையது 1940 ஃபோர்டு கூபே. ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜின், மேலே இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள். மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகைகளில் அந்தக் காலத்துப் பையன்கள் ஓட்டிப் பார்த்த வண்டிகளின் வழியில் வந்த அமைப்பு. இந்த 97 கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெதுவாக வந்தால் போதும்: இரண்டரை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அழுத்த அளவு), மிஞ்சினால் 3. அதைத் தாண்டினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவையால் ஊசி வால்வை மூடிப் பிடிக்க முடியாது. பெட்ரோல் வழிந்து உள்ளே இறங்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே போய் இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஃபோர்டு வைத்த பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் இவ்வளவு கவலை இல்லை. என் வண்டியில் முன்பு யாரோ மின்சாரப் பம்ப் போட்டிருந்தார்கள், அது 6 பிஎஸ்ஐக்கும் மேல் தள்ளும். எனவே அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் கட்டாயம், ரெகுலேட்டரைச் சரியாக வைக்க கேஜ் கட்டாயம்.

பட்டறைக்காரர் காட்டியது அழகான பொருள்தான். 1950களின் அசல் ஸ்டூவர்ட் வார்னர் கம்பெனி கேஜ், பழுது நீக்கிச் சோதித்தது, 0 முதல் 15 வரை அளவு என்றார். பில்லிலும் ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதித் தந்தார். அவர்களே மாட்டி, முள் இரண்டரையில் நிற்கும்படி ரெகுலேட்டரைத் திருகிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. சூடான இன்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுத்தது. கறுப்புப் புகை. வண்டிக்குள் பெட்ரோல் வாடை. டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் அளவு ஏறியிருந்தது, முகர்ந்தால் பெட்ரோல். பட்டறையைக் கூப்பிட்டேன். கேஜ் சரியாகத்தானே காட்டுகிறது, கார்புரேட்டர் இரண்டும் போய்விட்டது, புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான். தாங்கள் விற்ற கேஜின் பொய்யையே சாட்சியாக வைத்து அடுத்த பில்லுக்கு அடி போட்டார்கள்.

விமானப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். கேஜைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். அவர் செய்த சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம். ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயர நீரைத் தூக்கும். ஒளி ஊடுருவும் நீளமான பிளாஸ்டிக் குழாயை ‘U’ வடிவில் சுவரில் கட்டி, நீர் ஊற்றி, ஒரு முனையைத் திறந்து விடுங்கள். மறுமுனையில் மூன்று வாய் உள்ள டி இணைப்பு ஒன்றைப் போட்டு கேஜையும் சைக்கிள் பம்பையும் மாட்டுங்கள். மெதுவாகக் காற்றடித்து, இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே 176 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அழுத்தம் இரண்டரை. நீர் பொய் சொல்லாது. எங்கள் சோதனையில் அந்த உயரத்தில் முள் ஒன்றேகாலுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அப்படியென்றால் டேஷ்போர்டில் இரண்டரை காட்டியபோது கார்புரேட்டருக்குப் போனது 5.

விளிம்பு வளையத்தைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது 30 வரை அளக்கும் வேறொரு கேஜின் உறுப்பு. அதன் மேல் 15 வரை அச்சிட்ட புதுத் தாளை ஒட்டியிருந்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கணினி அச்சின் புள்ளிகள் தெரிந்தன. வளையத்தின் மடிப்பில் ஸ்க்ரூடிரைவர் கீறல்கள்.

கேஜை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும், பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பணத்துக்குப் பதிலாக, 0 முதல் 100 வரை அளக்கும், கிளிசரின் நிரப்பிய பளபளப்பான குரோம் கேஜ் ஒன்றை நீட்டினார்கள். இதிலும் ஏமாறாதீர்கள். சாதாரண கேஜ்கள் தங்கள் முழு அளவில் 2, 3 சதவீதம் வரை பிசகலாம். 100 வரை உள்ள கேஜில் அது 3 பிஎஸ்ஐ; நாம் அளக்க வந்ததே அவ்வளவுதான். 15 வரை உள்ளதில் அரை பிஎஸ்ஐக்கும் குறைவு. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 100 சரி, 97 கார்புரேட்டருக்கு 15க்கு மேல் போகவே கூடாது. கிளிசரின் கதை வேறு. இன்ஜின் சூட்டில் மூடிய டப்பாவுக்குள் திரவமும் காற்றும் விரிந்து உள்ளிருந்து எதிர்த்து அழுத்தும், முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதை நம்பி நீங்கள் ரெகுலேட்டரை ஏற்றுவீர்கள். அதிர்வுக்காகத் திரவம் நிரப்பியதுதான் வேண்டுமென்றால், மேலே காற்று வெளியேறும் அடைப்பான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டிய விதம் இதைவிட மோசம். ரெகுலேட்டரிலிருந்து மெல்லிய நைலான் குழாய், இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில் துளைத்த ஓட்டை வழியே, ரப்பர் வளையம்கூட இல்லாமல் தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. அதற்குள் இருந்தது பெட்ரோல். அது அறுந்தால் பம்ப் நிற்காமல் ஓட்டுபவரின் மடியில் பெட்ரோலைக் கொட்டும். கேஜ் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, சென்ஸார் இன்ஜின் பக்கத்திலேயே இருந்து, கம்பி மட்டும் உள்ளே வரும் மின்சாரக் கேஜ். மற்றது, ஃபயர்வாலின் வெளிப்பக்கம் ஐசோலேட்டர். அதன் சவ்வு பெட்ரோலை வெளியே நிறுத்திவிடும், உள்ளே வரும் குழாயில் ஆன்டிஃப்ரீஸ்தான் இருக்கும். இரண்டும் வேண்டாமென்றால் கேஜை இன்ஜின் பக்கமே வையுங்கள். ஒருமுறை அழுத்தத்தைச் சரிசெய்த பிறகு அதைத் தினமும் பார்க்கத் தேவையில்லை.

இணைப்பிலும் கோளாறு. இங்கே கேஜ்களின் மரை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல என்பிடி என்ற அமெரிக்க வகை, அங்குலத்துக்கு 27 மரை. பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரை 28. கையால் ஓரிரு சுற்று ஏறும், பொருந்தியதுபோல் இருக்கும், பொருந்தாது. என் ரெகுலேட்டரில் அப்படி ஒரு இணைப்பை முறுக்கி ஏற்றி, கசிவை மறைக்க டெஃப்லான் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். அந்த டேப்பின் இழை ஒன்று கார்புரேட்டரின் ஊசி வால்வில் கிடந்ததை நானே எடுத்தேன். பெட்ரோல் தாங்கும் பசைதான் இதற்குச் சரி. கேஜின் இடம் ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில். பித்தளை டி இணைப்பின் நுனியில் கனமான கேஜைத் தொங்கவிட்டால் அதிர்வில் பித்தளை விரிசல் விடும், தனிப் பிடிமானம் கொடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு கேட்பது உங்கள் உரிமை. கழற்றிய பாகங்கள் வேண்டுமென்றால் வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பில்லில் கேஜின் அளவையும் அதை எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அமைப்பு இப்படிப்பட்ட புகார்களை வாங்குகிறது. நான் பில், நீர்ச் சோதனையின் படங்கள், பிரித்த கேஜின் படங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. உங்களிடம் இப்படி ஒரு கேஜ் இருந்தால் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கடைக்குத் திருப்பிக் கொடுத்தும் விடாதீர்கள். பிரிப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.