கடை பூட்டிய பிறகு ஓடவேண்டிய வேலை: மூன்று நேரக்குறிப்புக் கருவிகள் பற்றி

சுன்னாகத்தில் அத்தான் நடத்தும் பலசரக்குக் கடையின் கணக்குகள் முழுவதும் ஒரு மடிக்கணினியில் இருக்கின்றன. நாளுக்கு ஒரு தடவை அவற்றுக்குக் காப்புப்பிரதி எடுத்து வைப்பது என் பொறுப்பு. அதற்காகத் தினமும் கடைக்குப் போய்வர முடியாது என்பதால், குறித்த நேரத்தில் நிரல்களைத் தாமாகவே ஓடவைக்கும் கருவிகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். மூன்றும் இயங்குதளத்தோடு வருபவை. விலையைப் பற்றிப் பேச எதுவுமில்லை. நான் முக்கியமாகக் கவனித்தது ஒன்றைத்தான்: குறித்த நேரத்தில் கணினி நின்றிருந்தால், தவறிய வேலைக்கு என்ன நடக்கிறது?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இது இயல்பான கேள்விதான். இப்போது அந்த நிலை இல்லையென்றாலும், இரவு கடை பூட்டும்போது அத்தான் மடிக்கணினியை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் நிறுத்திய பிறகுதான் சாவியைக் கையில் எடுப்பார். எலி கடித்த வயர், மின்னல் என்று அவரிடம் காரணங்கள் நிறைய உண்டு.

முதலில் பயன்படுத்தியது விண்டோஸில் உள்ள ராஸ்க் செடியூலர். எந்த நிரல், எந்த நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டுக் கேட்டு நிரப்பும் வசதி இருப்பதால், தொடங்குவதற்கு இதைவிட எளிதானது இல்லை. ஆனால் அதன் உள்பக்கங்களைத் திறந்து பாராமல் விட்டது என் தவறு. மின்னிணைப்பில் இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்கு என்ற நிபந்தனை, நாம் எதுவும் செய்யாமலே அங்கே தெரிவுசெய்யப்பட்டிருக்கும். நான் குறித்ததோ பிற்பகல் ஒன்றரை மணி; அத்தானோ அந்த நேரத்தில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே பிளக்கில் மின்தராசைச் செருகுபவர். பற்றறியில் ஓடிக்கொண்டிருந்த கணினி, சொன்னபடியே வேலையைத் தொடங்காமல் இருந்தது. நேரம் தவறினால் இயன்ற விரைவில் ஓட்டு என்றொரு தெரிவும் உண்டு. அதை நாமே தேடிப்போய்த் தெரிவுசெய்ய வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிய பிறகு அது ஒழுங்காகவே வேலை செய்தது.

பின்னர் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறினோம். கணக்கு உலாவியில் திறப்பது என்பதால் அத்தானுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே முதலில் கைக்கு வந்தது கிறொன். 1979 இல் வெளிவந்த, யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே இருந்த கருவி இது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் ஓடுவது, போல் விக்சி 1987 இல் எழுதிய வடிவத்தின் வழிவந்தது. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என்ற ஐந்து இடங்களை நிரப்பி, பக்கத்தில் கட்டளையை எழுதினால் போதும். இவ்வளவு சிக்கனமான வடிவம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால் இது மௌனமாகச் சறுக்கிவிடும் இடங்களும் உண்டு. காப்புப்பிரதியின் பெயரில் அன்றைய திகதி வருமாறு நான் எழுதிய கட்டளை, கையால் தட்டச்சிட்டால் ஓடியது, கிறொனில் ஓடவில்லை. திகதிக்காக இட்ட % குறியை கிறொன் புதிய வரி என்று எடுத்துக்கொள்வதை அறிய எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோட்டை இட்டதும் தீர்ந்தது. மேலும், கிறொனின் வேலைப் பட்டியலுக்கான கட்டளையில் பட்டியலைத் திருத்தும் எழுத்தும் (e) முழுப் பட்டியலையும் கேளாமலே அழிக்கும் எழுத்தும் (r) விசைப்பலகையில் அடுத்தடுத்து இருக்கின்றன. எந்தப் புண்ணியவானின் ஏற்பாடோ தெரியாது.

கடையைப் பொறுத்தவரை அதன் பெருங்குறை வேறு. இரவு இரண்டு மணிக்குக் கணினி நின்றிருந்தால், அந்த இரண்டு மணி கிறொனுக்குப் போனது போனதுதான். காலையில் அதை நினைவில் வைத்திருக்காது. ஓயாமல் ஓடும் வெளிநாட்டு வாடகைச் சேர்வரில் இது குறையே அல்ல; என் இன்னொரு வேலையை அங்கே கிறொனிடமே விட்டிருக்கிறேன். அந்தச் சேர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், நமது இரண்டு மணி அங்கே முதல் நாள் 20:30 ஆகிவிடும். நாளாந்த வேலைக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் மாதத்தின் முதலாம் திகதி அதிகாலை ஓட வேண்டியது அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாளாகிறது. கடைசி நாள் என்று சொல்ல அந்த ஐந்து இடங்களில் வழியில்லை.

கடையில் இப்போது இருப்பது மூன்றாவது கருவி, லினக்ஸிலேயே உள்ள சிஸ்ரம்டி ரைமர். இதற்கு இரண்டு கோப்புகள் எழுத வேண்டும், சொற்களும் கூடுதல். கிறொனின் ஒற்றை வரிக்குப் பழகிய கைக்கு முதலில் எரிச்சலாகவே இருந்தது. ஆயினும் பேர்சிஸ்ரன்ற் என்ற ஒரு வரியைச் சேர்த்தால், கடைசியாக எப்போது ஓடியது என்பதை வட்டில் குறித்துவைத்து, தவறிய வேலையைக் கணினி எழுந்தவுடன் ஓட்டுகிறது. ஒரு வாரம் நின்றிருந்தாலும் ஏழு தடவை அல்ல, ஒரே தடவைதான் ஓட்டும். காப்புப்பிரதிக்கு அதுவே போதும். எது எப்போது ஓடியது, அடுத்தது எப்போது என்பதை ஒரே கட்டளையில் காட்டுவதும் எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் அத்தான் சாம்பிராணி காட்டி முடிக்கும் முன் முந்தைய நாளின் பிரதி வன்தட்டில் ஏறிவிடுகிறது, வன்தட்டு செருகியிருக்கும் நாட்களில்.