மரபணு மாற்றப் பயிர்ச் சட்டம்: அமெரிக்க வழியா, ஐரோப்பிய வழியா?

மரபணு மாற்ற உணவு பற்றி அரசுக்கு ஒரு மனு எழுத எங்கள் நுகர்வோர் குழு உட்கார்ந்தபோது, எந்த நாட்டு முறையை முன்மாதிரியாகக் காட்டுவது என்ற கேள்விதான் முதலில் வந்தது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றையும் வைத்துப் பேசினோம். நான் ஐரோப்பா பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

அடிப்படை வேறுபாடு பலருக்கும் தெரிந்ததே. அமெரிக்கா 1986இல் வகுத்த நடைமுறைக்காகப் புதுச் சட்டம் இயற்றவில்லை. வேளாண் துறை, சுற்றுச்சூழல் முகமை, உணவு மருந்து நிர்வாகம் மூன்றும் கையிலிருந்த சட்டங்களைக் கொண்டே பார்த்துக்கொள்கின்றன. விளைந்த பொருள் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், எப்படி உருவானது என்று பெரிதாகக் கேட்க மாட்டார்கள். ஐரோப்பாவில் மரபணுவை மாற்றினாலே தனிச் சட்டம் வந்துவிடும்: 2001இன் நெறியாணை, 2003இன் இரண்டு ஒழுங்குவிதிகள், பார்மா நகரிலுள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வு, பிறகு உறுப்பு நாடுகளின் வாக்கெடுப்பு. கனடாவில் பயிருக்குப் புதுப் பண்பு வந்திருந்தால், அது எந்த முறையில் வந்தாலும் சோதனை உண்டு. தர்க்கமாகப் பார்த்தால் மூன்றில் கனடாதான் நேர்த்தி.

அனுமதிக்கு முன் யார் அதிகம் சோதிக்கிறார்கள் என்ற வாதத்தில் நான் நெடுநேரம் செலவிடவில்லை. எந்த நிபுணர் குழுவாலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுவிட முடியாது. வெளியே விட்ட பிறகு ஒரு கோளாறு தெரிந்தால், அந்த விதை எந்த மூட்டையில், எந்த ஆலையில், எந்தக் கடையில் இருக்கிறது என்று தேடிப் பிடித்துத் திரும்ப எடுக்க முடியுமா? என் முடிவை இந்த ஒரு கேள்விதான் தீர்மானித்தது.

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தில் இருந்த புரதம் ஒவ்வாமை தருமோ என்ற ஐயத்தால், 1998இல் அதைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். நாட்டின் மக்காச்சோளப் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கில்கூட அது விதைக்கப்படவில்லை. ஆனாலும் 2000 செப்டம்பரில் கடையில் விற்ற டாக்கோ ஓடுகளில் (மக்காச்சோள மாவில் செய்த மொறுமொறு ரொட்டி) அது இருந்தது தெரிந்து, சுமார் 300 உணவுப் பொருள்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதிகாரிகள் காகிதத்தில் போட்ட கோடு, தானியக் கிடங்கில் அழிந்துவிட்டது. அடுத்தது எல்.எல். 601 என்ற நெல். வயல் சோதனையோடு நின்றுபோன அந்த ரகம், 2006இல் விற்பனைக்கான நீள அரிசியில் கலந்திருந்தது தெரிந்தது. ஏற்றுமதி சரிந்தது, அந்த ரகத்துக்குரிய பேயர் நிறுவனம் 2011இல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. எனக்கு அந்தத் தொகையைவிடப் பெரிதாகப் படுவது வேறு: வேளாண் துறை விசாரித்தும், அது எப்படிக் கலந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நேர்த்தியான கனடாவும் தப்பவில்லை. 2001இல் பதிவு நீக்கப்பட்ட டிரிஃபிட் என்ற ஆளிவிதை ரகம் 2009இல் ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் அகப்பட்டது. அப்போது கனடா ஆளிவிதைக்கு ஐரோப்பாதான் பெரிய சந்தை.

ஐரோப்பிய ஒழுங்குவிதி 1830/2003 கேட்பது எளிய விஷயம். மரபணு மாற்றப் பொருளை விற்பவர், அதன் தனி அடையாளக் குறியை வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும். இரு தரப்பும் அந்தப் பதிவை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். இதன் பலனை எண்ணெயில் பார்க்கலாம். சுத்திகரித்த சோயா எண்ணெயில் மரபணுத் தடயம் ஆய்வகத்தில் அகப்படாது. அமெரிக்காவில் 2022இல் கட்டாயமான லேபிள் விதி அப்படிப்பட்ட எண்ணெயை விட்டுவிட்டது. ஐரோப்பாவில் கையோடு வந்த பதிவு இருப்பதால் லேபிளும் உண்டு.

இதில் நமக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2021இல், இந்தியாவிலிருந்து போன குருணையை அரைத்த மாவில் அனுமதியில்லாத மரபணு மாற்றம் இருப்பதாக பிரான்ஸ் எச்சரிக்கை விடுத்தது. இங்கே மரபணு மாற்ற நெல் வணிகச் சாகுபடியிலேயே இல்லை என்று இந்தியா மறுத்தது. மாவிலிருந்து குருணைக்கும், குருணையிலிருந்து ஏற்றுமதி செய்த நாட்டுக்கும் பின்னோக்கிப் போக அவர்களிடம் பதிவு இருந்தது. துறைமுகத்திலிருந்து வயல் வரை பின்னோக்கிப் போக நம் நெல் வியாபாரத்தில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது. மரபணு மாற்றிய பி.டி. பருத்தி 2002 முதல் சட்டப்படி பயிராகிறது, அதன் விதையில் எடுத்த எண்ணெயை நாம் சாப்பிடுகிறோம். மரபணு மாற்ற உணவுப் பொட்டலத்தில் 'ஜி.எம்.' என்று போட வேண்டும் என்ற விதி 2013இலேயே வந்துவிட்டது. பருத்தி விதை எண்ணெய்ப் புட்டி எதிலும் அந்த எழுத்தை நான் பார்த்ததில்லை.

ஐரோப்பிய முறையில் குறை இல்லாமல் இல்லை. வாக்கெடுப்பு அரசியலாகிவிட்டது. பெரும்பாலும் தேவையான பெரும்பான்மை எந்தப் பக்கமும் அமையாமல், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே முடிவெடுக்கிறது. சாகுபடியில் இருப்பது 1998இல் அனுமதித்த ஒரே மக்காச்சோளம், அதுவும் முக்கியமாக ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும்தான். மரபணு மாற்ற சோயாவைக் கப்பல் கப்பலாக இறக்கி மாட்டுக்குப் போடுகிறார்கள், அந்த மாட்டின் பாலுக்கு லேபிள் கிடையாது. இதை முழுவதுமாக முன்மாதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடம் பிடிக்கும் ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றுதான் குழுவில் சொன்னேன்.

மரபணுத் திருத்தம் (பயிரின் சொந்த மரபணுவிலேயே செய்யும் மாற்றம்) பற்றி அவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியாது. அயல் மரபணு சேராத சிறு திருத்தத்தையும் இயற்கையாக நேர்ந்த மாற்றத்தையும் ஆய்வகத்தில் பிரித்தறிவது கடினம்; அங்கே பதிவு பொய்யானால் சோதித்துப் பிடிக்க வழியில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் இவற்றையும் மரபணு மாற்றச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஆணையம் 2023இல் தளர்வை முன்மொழிந்தது. ஆனால் அந்த முன்மொழிவிலும், விதைப் பையில் குறிப்பும் பொதுப் பதிவேடும் இருந்தன. இந்தியா 2022 மார்ச்சில் இத்தகைய பயிர்களை மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதியிலிருந்து விலக்கியது. 2025 மே மாதத்தில் 'கமலா', 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' என்ற இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அந்த விலக்கை எதிர்த்து நாங்கள் மனுவில் எதுவும் எழுதவில்லை. இரண்டைத்தான் கேட்டோம்: திருத்திய ரகம் ஒவ்வொன்றின் விதைப் பையிலும் அதைத் தமிழில் அச்சிட வேண்டும், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு விதை போனது என்று யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்று வேண்டும்.