புதுப் பெயிண்ட் அடித்த பழைய ரேஸ் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே, ராத்திரி ஏழரை மணிக்கு, 7,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய ரேஸ் சைக்கிள் வாங்கினேன். ஆறு வாரம் கழித்து அதன் ஃபிரேமை நானே ஆக்சா பிளேடால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டேன். விற்ற அதே ஆள் இப்போது இன்னொரு சைக்கிளுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

சைக்கிள் அக்கா பையனுக்காக வாங்கியது. பதினொன்றாவது படிக்கிறான், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள் மேல் அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. புதியது வாங்க நம்மால் ஆகாது. பழைய இரும்பு ஃபிரேம் சைக்கிள் என்றால் ஸ்பேனர், மண்ணெண்ணெய், கிரீஸ், கொஞ்சம் பொறுமை இருந்தால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களும் கழற்றி மாட்டிவிடலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான், இன்றும் அதைத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் அவனும் நானும் சேர்ந்து செய்யலாம் என்று முடிவு செய்தோம்.

விளம்பரத்தில் சிவப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. ‘ஜப்பான் பார்ட்ஸ், ரெனால்ட்ஸ் 531 ஃபிரேம், இப்போதுதான் பெயிண்ட் அடித்தது’ என்று போட்டிருந்தார். பகலில் வந்து பார்க்கிறேன் என்று மூன்று தடவை கேட்டேன். “டியூட்டி முடிஞ்சு ராத்திரிதான் பிரதர் வர முடியும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எதற்குப் புதுப் பெயிண்ட் என்று கேட்டதற்கு, “கடல் காத்துல துரு பிடிக்குதே பிரதர்” என்றார். காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன் நான், எங்கள் வீட்டு இரும்பு கேட் வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் கேட்கும். அதனால் அந்தப் பதில் எனக்கு நியாயமாகப் பட்டது. 9,000 சொன்னதை 7,500-க்குக் குறைத்து, ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகவே போனது. பெடல் அச்சை, அதாவது இரண்டு பெடலையும் இணைத்து ஃபிரேமுக்குள் ஓடுகிற அச்சைக் கழற்றும்போது, பால்ஸ் உட்காரும் வலது பக்கக் கப் தலைகீழ் மரை என்பது தெரியாமல் அரை நாள் முட்டி மோதினோம். அந்தப் பக்கம் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். உள்ளே பக்கத்துக்கு 11 கால் இஞ்ச் பால்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 9 இருந்தன. செயினை அளந்தோம். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்த 12 ஜோடி சரியாக 12 இஞ்ச் வர வேண்டும், அரைக்கால் இஞ்ச் கூடுதலாக வந்தது. செயினோடு ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருந்தது. பழைய சைக்கிளில் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், இதற்காக யார் மேலும் வருத்தமில்லை. 700சி அளவு டயர் போடுங்கள் என்று விற்றவர் சொன்னதை நம்பி ஒரு ஜோடி வாங்கினோம், ரிம்மில் ஏறவே இல்லை. பார்த்தால் அது 27 இஞ்ச் ரிம். 700சி ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர், இதில் 630. ரத்தன் பஜார் கடைக்காரர் நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் ஃபிரேமில் ஒட்டியிருந்த அந்த ‘ரெனால்ட்ஸ் 531’ ஸ்டிக்கர். 531 என்பது இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1935-இல் வந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய். பலமானது, அதனால் குழாயின் சுவரை மெல்லியதாக வைக்க முடிந்தது. சுவர் மெல்லியதாக இருந்தால் உள்ளே இடம் கூடும், அதனால் 531 ஃபிரேமில் சீட் போஸ்ட்டின், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாயின், விட்டம் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர் இருக்கும். லேத் பட்டறையில் வேலை செய்யும் மச்சான் வெர்னியர் வைத்து அளந்து பார்த்தார். 25.4. தடிச் சுவர் வைத்த சாதாக் குழாய். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் புதுப் பெயிண்டுக்கு மேலே ஒட்டியிருந்தது தெரிந்தது.

ஸ்டிக்கரே பொய் என்றால் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பெயிண்ட் ரிமூவர் தடவினோம். மேல் பாரில் சிவப்பு பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டு வந்தது, கீழே சுத்தமான இரும்பு. ஹேண்டிலுக்கு அடியிலிருந்து பெடலுக்கு இறங்குகிற கீழ்ப் பைப்பில், மேல் முனையிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, இரும்புக்குப் பதில் சாம்பல் நிறத்தில் பட்டி தெரிந்தது. கார் டிங்கரிங்கில் பள்ளத்தை நிரப்பப் பூசுவார்களே, அதே பட்டி. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பட்டி போனதும் குழாயின் அடிப்பக்கம் அலை மாதிரி மடிந்திருந்தது. அந்த மடிப்பின் மேல் தலைமுடி ஒன்று ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. மறுபடியும் துடைத்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது வருஷமாக சைக்கிள் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசிக் கொஞ்ச நேரம் விட்டார். வெள்ளைத் தூளின் மேல் ஈரமாக ஒரு கோடு எழுந்தது. குழாயின் பாதிச் சுற்றளவுக்கு நீண்டிருந்தது.

“எதுலயோ நேரா மோதியிருக்கு தம்பி. யாருக்கு இந்த வண்டி?”

“அக்கா பையனுக்குண்ணே. பத்தவெச்சா தாங்காதா?”

“பத்தவெச்சுத் தரேன், காசும் வாங்கிக்கலாம். ஆனா பக்கத்துலயே திரும்ப விட்டுக்கும். பள்ளத்துல இறங்கும்போது இது விட்டுச்சுன்னா முன்சக்கரம் உள்ள மடங்கி, புள்ள மூஞ்சியிலதான் விழுவான். ஏத்தாத.”

பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். திருவொற்றியூர் ஹைரோட்டில் அவன் ஓட்டிக்கொண்டு போவதையும் பின்னால் கண்டெய்னர் லாரி வருவதையும் நினைத்துப் பார்த்தேன், அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. தேய்ந்த செயினை விற்பது வேறு. விரிசல் தெரிந்து, அதன் மேல் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ஒரு பிள்ளை ஓட்டப் போகிறான் என்று தெரிந்தும் விற்பது வேறு. பையனுக்காகத்தான் வாங்குகிறேன் என்று அவரிடம் சொல்லித்தான் விலை பேசினேன்.

போன் செய்தேன். “பழசு வாங்கினா அப்படித்தான் இருக்கும் பிரதர், பாத்துதானே வாங்கினீங்க” என்றார். போட்டோ அனுப்பினேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் பிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு ஃபிரேம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும், பட்டி இருக்கிற இடத்தில் நழுவும். எனக்கு அது அன்று தெரிந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. மேல் பார், கீழ்ப் பைப் இரண்டிலும் ஹேண்டிலுக்குப் பின்னால் அடிப்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள், மேடு பள்ளம் தட்டுப்பட்டால் முன்னால் மோதிய வண்டி. பக்கவாட்டில் நின்று முன் ஃபோர்க்கைப் பாருங்கள், ஹேண்டிலுக்குக் கீழே நேராக இறங்கி நுனியில்தான் முன்னால் வளைய வேண்டும், பின்னால் தள்ளியிருந்தால் வேண்டாம். துருவும் கீறலுமாக, பழைய பெயிண்டோடு இருக்கிற வண்டியே மேல், அதில் எதையும் மறைக்க முடியாது. சைக்கிளுக்கு ஆர்.சி. புக் எல்லாம் கிடையாது, அதனால் பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் ஃபிரேம் நம்பரோடு ஒரு தாளில் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, அதனால் என் கையில் ஜிபே ரசீதைத் தவிர எதுவும் இல்லை.

வீல், பிரேக், ஹேண்டில்பார் மூன்றும் தேறின. பெரியவர் வேறு ஃபிரேம் தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

புது விளம்பரத்தில் இருப்பது நீல நிற வண்டி. பின்னால் அதே சுவர், அதே 531 ஸ்டிக்கர், ‘இப்போதுதான் பெயிண்ட் அடித்தது’. டோல்கேட்டுக்கு ராத்திரி வரச் சொன்னால் போகாதீர்கள். பகலில் கொண்டுவரச் சொல்லுங்கள்.