வீட்டுக் கம்ப்யூட்டரில் வெப் ஹோஸ்டிங்: எந்தப் பெட்டி, எந்த வாசல்?

"ஏனுங்க, பழைய சிஸ்டம் சும்மா கெடக்குது, வீட்டுல ஃபைபர் நெட்டும் இருக்குது. அதுலயே வெப்சைட்டை ஓட்டிக்கலாமுங்களா?" கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் சின்னதாகத் தொழில் பண்ணுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஓட்டலாம். கேட்கிறவர்கள் எத்தனை ஜிபி ராம், எந்த பிராசஸர் என்று பெட்டியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் சிக்கல் வருவது வேறு இரண்டு இடத்தில்: வெளியிலிருந்து வரும் ஆள் உங்கள் ரவுட்டர் வரைக்கும் வந்து சேர முடிகிறதா, கரண்ட் ஷட்டவுன் நாளில் பெட்டி தாக்குப்பிடிக்கிறதா. அதனால் பெட்டியைச் சீக்கிரம் பார்த்துவிட்டு வாசலில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

பெட்டி

ஒரு வாட் சாமான் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 1.44 யூனிட். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இந்த எண்ணை வைத்துக்கொண்டால் போதும். பழைய டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போதே சுமார் 60 வாட் தின்னும். ஒரு பில்லுக்கு 86 யூனிட். இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி 10 வாட்டுக்குள் நிற்கும்; 14 யூனிட். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டருக்கு 5 வாட் என்று வைத்தால் 7 யூனிட். பழைய லேப்டாப் ஸ்கிரீன் அணைந்த நிலையில் சுமார் 15 வாட், 22 யூனிட்.

86 யூனிட்தானே என்று விட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: மேலே ஓடும் யூனிட்டுக்குக் கூடுதல் விலை, அதோடு 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். 430 யூனிட் ஓடும் வீட்டில் டெஸ்க்டாப்பைச் சேர்த்தால் 516. அதே இடத்தில் மினி பிசி என்றால் 444.

ராஸ்பெரி பை கரண்டில் சிக்கனம். மெமரி கார்டில்தான் அதன் பலவீனம். லாக் ஃபைல், டேட்டாபேஸ் எல்லாம் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பதால் கார்டு தேய்ந்து, ஒருநாள் எழுத மறுத்து நிற்கும். யுஎஸ்பி வழியாக எஸ்எஸ்டி போட்டு அதிலிருந்தே பூட் செய்தால் சரியாகும். கேஸ், பவர் சப்ளை, எஸ்எஸ்டி என்று கூட்டிப் பார்த்தால் மினி பிசி விலையை நெருங்கிவிடும். லேப்டாப்புக்கு உள்ளேயே பேட்டரி இருப்பது பெரிய வசதி. ஆனால் எந்நேரமும் சார்ஜரில் 100 சதவீதத்தில் கிடந்தால் பேட்டரி உப்பும். டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கினாலோ, மூடி சரியாகப் படியாவிட்டாலோ அன்றைக்கே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு அந்த மாடலில் இருந்தால் லேப்டாப்பும் நல்ல தேர்வுதான். இல்லையென்றால் மினி பிசி: 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நாலைந்து வேர்ட்பிரஸ் தளத்துக்கு இது தாராளம்.

வைக்கும் இடமும் முக்கியம். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் போலத் தறி ஓடும் ஊரில் பஞ்சு காற்றோடு வந்து, சிப்பின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் பல்லுக்கு நடுவில் மெத்தை போலப் படியும். ஃபேன் சுற்றும், காற்று போகாது, சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சைட் மந்தமாகும், காரணம் பிடிபடாது. அங்கெல்லாம் ஃபேன் இல்லாத பெட்டி நல்லது. ஆனால் அதை ஈரோட்டு மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அதே கதைதான். ஓட்டுவீட்டுத் தாழ்வார மூலையோ, கீழ்த்தளத்தில் வடக்குச் சுவரோரமோ தேடிக்கொள்ளுங்கள்.

வாசல்

ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வேன் (WAN) முகவரி, அதாவது வெளிப்பக்க முகவரி, என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட் (CGNAT) என்ற பங்கீட்டுக்குள் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. தெருவுக்கே ஒரு கதவு எண் என்ற நிலைமை. உங்கள் ரவுட்டரில் எந்த போர்ட்டை (எண்ணிட்ட கதவை) திறந்தாலும் வெளியாள் வந்து சேர மாட்டார். 10 அல்லது 192.168 என்று தொடங்கினால், நெட்காரர் மாட்டிய ஓஎன்டியே (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ஒரு ரவுட்டராக நின்று மறிக்கிறதா என்று பாருங்கள். அதை பிரிட்ஜ் மோடுக்கு (வெறுமனே கடத்திவிடும் நிலைக்கு) மாற்றச் சொன்னால் அந்தத் தடை போகும்.

இதற்கு நான்கு வழி உண்டு.

முதலாவது ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி. மாதமோ வருடமோ தனிக் கட்டணம். வெப்சைட்டுக்கான 80, 443 போர்ட்டுகளை மினி பிசிக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த இரண்டு போர்ட்டும் திறந்திருக்குமா, வீட்டுப் பிளானில் சர்வர் ஓட்ட அனுமதி உண்டா. சில பிளான்களின் விதியிலேயே கூடாது என்று எழுதியிருக்கும்.

இரண்டாவது, பொது முகவரி கிடைத்தும் அது மாறிக்கொண்டே இருந்தால் டைனமிக் டிஎன்எஸ். டிஎன்எஸ் என்பது டொமைன் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் பதிவேடு. முகவரி மாறும்போதெல்லாம் ஒரு சின்ன நிரல் டொமைனைப் புதுப்பிக்கும். டிடிஎல், அதாவது அந்தப் பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 60 முதல் 300 நொடிக்குள் வையுங்கள். 86,400 என்று வைத்தால், முகவரி மாறிய பிறகும் ஒருநாள் முழுக்கச் சிலர் பழைய இடத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு வழியிலும் ஒரு குழப்பம் வரும்: வீட்டு வைஃபையிலிருந்து சைட் திறக்காது, வெளியில் திறக்கும். உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரி வழியாகத் திரும்பி உள்ளே வரும் பாதையைப் பல ரவுட்டர்கள் ஆதரிப்பதில்லை. எப்போதும் போன் டேட்டாவில் சோதியுங்கள்.

மூன்றாவது, கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனம் தரும் டனல் (சுரங்கம்). உங்கள் பெட்டி உள்ளிருந்து வெளியே ஒரு இணைப்பை எடுத்து வைத்துக்கொள்ளும். வருகிறவர்கள் அதன் வழியே வருவார்கள். சிஜிநாட் தடையே இல்லை, போர்ட் எதையும் திறக்க வேண்டாம், பணமும் இல்லை. ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். விட்டுக்கொடுப்பதும் உண்டு. தகவலின் ரகசியப் பூட்டு (என்கிரிப்ஷன்) திறக்கப்படுவது கிளவுட்ஃப்ளேர்காரர்களுடைய இடத்தில், ஆகவே போகிற வருகிற உள்ளடக்கம் அவர்கள் கண்ணில் படும். இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் அப்லோட் போகாது.

நான்காவது, மாதம் 4 முதல் 6 டாலருக்குக் கிடைக்கும் சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றை முன்வாசலாக வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற விபிஎன் நிரலால் சுரங்கம் போடுவது. உழைப்பு அதிகம், ஆனால் நான்கிலும் உறுதியானது இதுதான். 443-ஐ விபிஎஸ் பிரித்துப் பார்க்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடும். ரகசியப் பூட்டுக்கான சர்டிஃபிகேட் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும். நெட்காரரை மாற்றினாலும் டொமைனைத் தொட வேண்டியதில்லை. வீட்டுப் பக்கத்தில் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் துடிப்பு) 25 நொடி என்று போடுங்கள். இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் சிஜிநாட் அந்தப் பாதையை மறந்துவிடும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய படம் பாதியில் நிற்கிறது என்றால் காரணம் எம்டியு, அதாவது ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு. வயர்கார்டின் வழக்கமான அளவு 1420; பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுச் சேரும்) இணைப்பில் 1412 என்று குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவது மோசமானது. எல்லா வருகையும் விபிஎஸ்ஸின் சுரங்க முகவரியிலிருந்து வருவதாகவே வீட்டுப் பெட்டிக்குத் தெரியும். யாரோ ஒருவன் பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தால், ஃபெயில்2பான் என்ற காவல் நிரல் அந்த ஒரே முகவரியைத் தடை செய்யும். அதோடு ஊரே வெளியே நிற்கும். விபிஎஸ்ஸிலும் வீட்டிலும், வந்தவரின் முகவரியைச் சேர்த்து அனுப்பும் பிராக்ஸி புரோட்டோகாலை இயக்கி, உண்மையான முகவரி லாக்கில் விழுகிறதா என்று பார்த்த பிறகே ஃபெயில்2பானைப் போடுங்கள்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சர்டிஃபிகேட் 90 நாள் செல்லும். 80-ம் போர்ட் அடைபட்டிருந்தால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெயில் சர்வரை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். 25-ம் போர்ட் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். திறந்திருந்தாலும் வீட்டு முகவரிகள் தடைப்பட்டியலில் இருப்பதால் கடிதம் ஸ்பாமில் விழும்.

அப்லோட் வேகத்தையும் கணக்குப் போடுங்கள். 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. ஒரு பனியன் கேட்டலாக்கில் 300 கேபி படம் 40 இருந்தால் 12 எம்பி, ஒருவருக்கு 5 நொடி. வாங்க வருகிற பையர் பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் 48 நொடி. படத்தை வெப்பி (WebP) வடிவில் 70 கேபிக்குக் கொண்டு வந்தால் அதே பத்துப் பேருக்கு 11 நொடிதான்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒருநாள் காலை 9 மணிக்குப் போனால் மாலை 4 மணி. 30 நாள் என்பது 720 மணி நேரம். இந்த ஒரே ஷட்டவுனில் ஏறத்தாழ ஒரு சதவீதம் போய்விட்டது. வாடகை ஹோஸ்டிங்காரர்கள் சொல்லும் 99.9 என்றால் மாதத்துக்கு 43 நிமிடம்தான் நிற்கலாம்.

600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. மினி பிசி, ரவுட்டர், ஓஎன்டி மூன்றும் சேர்ந்து 25 வாட் என்றாலும் ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிது. பெட்டியை ஒழுங்காக அணைக்கச் சொல்லும் யுஎஸ்பி வசதியும் விலை குறைந்த மாடலில் பெரும்பாலும் இருக்காது. வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் சர்வரின் பசி அதற்குப் பொருட்டே இல்லை; பேட்டரியைத் தின்பது கூடவே ஓடும் இரண்டு ஃபேனும் லைட்டும்தான். பழகிய பேட்டரி என்றால் மதியம் ஒன்றரைக்கே பீப் அடிக்க ஆரம்பிக்கும். இன்வெர்ட்டரில் ஈகோ, யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். ஈகோவில் மாறும் நேரம் கூடுதல். ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ்ஸில் 10,000 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட்-மணிதான். ரவுட்டரும் ஓஎன்டியும் 12 வாட் எடுத்தால் மூன்று மணி நேரம்கூட வராது.

உங்கள் வீட்டில் எல்லாம் இருந்தும் நெட் போகலாம். ஜிபான் (வீடு வரைக்கும் ஃபைபர் வரும்) இணைப்பில், வழியில் ஃபைபரைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. கம்பத்துப் பெட்டியில் சுவிட்ச் வைத்து வீடுகளுக்கு லேன் கேபிள் இழுத்திருந்தால் அந்தப் பெட்டியின் பேட்டரிதான் உங்கள் ஆயுசு. அந்தச் செம்புக் கேபிள் சித்திரை, வைகாசி இடிமழையில் மின்னலையும் வீட்டுக்குள் கூட்டி வரும். ஃபைபரைக் கேட்டு வாங்குங்கள். பயாஸில் (பெட்டி ஆன் ஆகும்போது வரும் அடிப்படை அமைப்பில்) கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி வைப்பதை மறக்க வேண்டாம். இல்லையென்றால் நீங்கள் கொடிவேரிக்குப் போயிருக்கும் நாளில் பெட்டி அணைந்தே கிடக்கும்.

யாருக்கு எது

சொந்தத் தளம், பழகும் இடம், ஒரு கூட்டுறவுக்கோ கோயில் கமிட்டிக்கோ அறிவிப்புப் பக்கம்: மினி பிசியும் கிளவுட்ஃப்ளேர் டனலும். கம்பெனி கேட்டலாக், படம் நிறைய, கட்டுப்பாடு நம் கையில் வேண்டும்: மினி பிசியும் முன்வாசல் விபிஎஸ்ஸும். ஆர்டர் எடுத்துப் பணம் வாங்கும் தளத்தை வீட்டில் வைக்காதீர்கள். ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பங்கிடும் வாடகை இடம்) எடுப்பதானால் முதல் வருட விலையை விட்டுவிட்டு ரெனியூவல் விலையைப் பாருங்கள். வேறுபாடு பெரிதாக இருக்கும்.

அடுத்தவருக்கு ஹோஸ்டிங் விற்கப்போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஷட்டவுன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும் முடியாது. அந்தத் தளங்கள் விபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும். வீட்டு மினி பிசி இரவு 2 மணிக்கு அங்கிருந்து ஃபைலையும் டேட்டாபேஸையும் தானே இழுத்து வைக்கட்டும். விபிஎஸ்ஸுக்கு வீட்டுப் பெட்டியின் சாவியைக் கொடுக்க வேண்டாம், அங்கே புகுந்தவன் பேக்கப்பையும் அழித்துவிடுவான். மாதம் ஒருமுறை, அந்த பேக்கப்பிலிருந்து ஒரு தளத்தை மினி பிசியில் எழுப்பி, அட்மின் பக்கத்தில் லாகின் ஆகிறதா, கடைசியாகப் போட்ட படம் தெரிகிறதா என்று திறந்து பாருங்கள்.