பெல்லட் பாய்லர்: சில குளிர்காலம் ஓடிய பிறகு தெரிய வருபவை

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்) எரித்து, வீட்டைச் சூடாக்கத் தண்ணீரைக் காய்ச்சுவதுதான் பெல்லட் பாய்லர். அதை வாங்கும்போது எல்லாரும் விசாரிப்பது எத்தனை கிலோவாட், எத்தனை சதவீதம் செயல்திறன் என்பதைத்தான். இரண்டு மூன்று குளிர்காலம் ஓட்டியவர்கள் அந்தச் சதவீதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. சாம்பல், புகைக்கரி, தீ மூட்டும் இக்னைட்டர் இவைதான் பேச்சு. திரையில் வரும் எரர்களில் பல, பாகம் கெட்டு வருபவை அல்ல. எங்கோ காற்று போகும் வழி அடைபட்டு வருபவை. எரர் வந்ததும் புதுப் பாகத்துக்கு ஆர்டர் போட்டால் செலவு ஒரு பக்கம், கோளாறு ஒரு பக்கம் என்று இரண்டும் நிற்கும்.

அடிக்கடி வருவது ‘தீ பற்றவில்லை’ என்ற எரர். மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்லட் எரியும் பர்னர் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே கிடப்பதே பதில் சொல்லிவிடும். கிண்ணம் காலி என்றால் எரிபொருள் வரவில்லை: தொட்டியின் நடுவில் குழி விழுந்து பெல்லட் ஓரங்களில் நிற்கும், அல்லது பெல்லட்டைத் தள்ளிக்கொண்டு வரும் ஸ்க்ரூவில் தூள் இறுகியிருக்கும். கருகாத பெல்லட் நிறைந்திருந்தால் இக்னைட்டர் சூடாகவில்லை, அல்லது சூடான காற்று வரும் துளை அடைபட்டிருக்கிறது. பாதி கருகிய பெல்லட் கிடந்தால் தீ பற்றியிருக்கிறது, ஆனால் காற்று போதவில்லை, அல்லது தீயைக் கண்காணிக்கும் ஃபோட்டோசெல்லின் கண்ணாடியில் கரி படிந்து அது தீயைப் ‘பார்க்கவில்லை’. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். எதுவானாலும் கிண்ணத்தைக் காலி செய்யாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கொடுக்கக் கூடாது. குவிந்த பெல்லட் தீப்பிடிக்காமல் புகைந்து, அந்தப் புகை பாய்லருக்குள் நிறைந்து, பிறகு ஒரேயடியாகப் பற்றினால் கதவே அதிரும்.

இக்னைட்டரைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். இணைப்பைக் கழற்றி ஓம் பாருங்கள். 230 வோல்ட், 300 வாட் இக்னைட்டர் என்றால் சுமார் 176 ஓம் காட்ட வேண்டும். 250 வாட்டுக்கு 212 அளவில். அளவே காட்டாமல் திறந்த சுற்று என்று வந்தால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. புதியதைப் போடுமுன் அது உட்காரும் குழாயைத் துலக்குங்கள். அந்தக் குழாயில் தூள் அடைத்திருந்தால் காற்று ஓட்டம் குறைந்து, புது இக்னைட்டரும் அதிகச் சூட்டில் சீக்கிரமே போய்விடும். வீட்டுக்குத் தேவையைவிடப் பெரிய பாய்லர் வைத்தாலும் இதே கதிதான். பெரும்பாலான பாய்லர்கள் முழுத்திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க மாட்டா. மிதமான குளிரில் பற்றுவதும் அணைவதுமாகவே நாள் போகும். சூடான தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பஃபர் டேங்க் ஒன்றைக் கிலோவாட்டுக்கு 20 முதல் 30 லிட்டர் வரை வைத்தால் இந்த ஓயாத ஸ்டார்ட் குறையும். கூடுதலாக எதற்காவது பணம் போடுவதென்றால் முதலில் இதற்குப் போடலாம்; தொடுதிரைக்கும் மொபைல் செயலிக்கும் அப்புறம்.

எரிபொருள் விஷயத்தில் மூட்டையின் மேல் உள்ள முத்திரை பாதி உத்தரவாதம். ஈஎன்பிளஸ் என்ற பெல்லட் தரச்சான்றின் ஏ1 தரத்தில் சாம்பல் அதிகபட்சம் 0.7 சதவீதம், ஈரம் 10 சதவீதம். மூட்டை கட்டும்போது தூள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15 கிலோ மூட்டைக்கு அது 75 கிராம். ஒரு மூட்டையை 3.15 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, விழும் தூளை நிறுத்துப் பாருங்கள். ஏற்றி இறக்கியதில் கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் பல மடங்கு என்றால் அந்தச் சரக்கு வேண்டாம். கிண்ணத்தில் கல்போல் இறுகிய கிளிங்கர் கட்டினால் மரப்பட்டையோ மணலோ கலந்த பெல்லட் என்று சந்தேகிக்கலாம். அந்தச் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் காற்றுத் துளைகளை மூடிவிடும். துளைகளை அதே அளவுக் கம்பியால் குத்தித் திறங்கள், ட்ரில் போட்டுப் பெரிதாக்காதீர்கள்.

பெல்லட் பிராண்டை மாற்றினால் ஃபீடர் (பெல்லட் ஊட்டும் ஸ்க்ரூ) தள்ளும் அளவையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதே ஏ1 தரத்திலேயே ஒரு கனமீட்டர் பெல்லட் 600 கிலோவும் இருக்கலாம், 750 கிலோவும் இருக்கலாம். ஸ்க்ரூ தள்ளுவது கன அளவைத்தான். ஆகவே அதே சுற்றுக்கு எடை 25 சதவீதம் வரை கூடிவிடும். காற்று பழைய அளவிலேயே இருந்தால் தீ மஞ்சளாக, சோம்பலாக எரிந்து கண்ணாடி கறுக்கும். பர்னருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, ஸ்க்ரூ நிறைந்து சீராக விழத் தொடங்கிய பிறகு, கையேட்டில் சொன்ன நேரம் ஓட்டி, விழுந்ததை எடை போட்டுப் பாருங்கள். வந்த எடையைக் கன்ட்ரோலரில் பதியுங்கள். ஒப்பிட ஒரு கணக்கு: 15 கிலோவாட் பாய்லர் 90 சதவீதத் திறனில் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 3.6 கிலோ பெல்லட் தேவை.

ஒரே ஒரு எண்ணைக் குறித்து வைக்க முடியும் என்றால் புகையின் வெப்பநிலையைக் குறியுங்கள். நன்றாகத் துலக்கிய மறுநாள், ஒரே மாதிரி லோடில் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அதைவிட 20, 30 டிகிரி ஏறிவிட்டால் புகை போகும் குழாய்களில் கரி படிந்து சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கிக்குப் போகிறது. ஏறும் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஏறக்குறைய 1 சதவீதத் திறன் போய்விடும். ‘தானியங்கித் துப்புரவு’ என்று விற்பதெல்லாம் குழாய்களோடு சரி. புகை விசிறியின் இறக்கைகளையும் அதன் பின்னுள்ள பெட்டியையும் அது தொடுவதில்லை. விசிறி உறுமத் தொடங்கினால் பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் இறக்கையைத் துலக்குங்கள். ஒரு பக்கம் கூடுதலாகப் படிந்த கரியே போதும், அது ஆட்டம் போட.

கதவு இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டுக்குக் காகிதச் சோதனை: ஒரு தாள் துண்டை வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள், வழுக்கி வந்தால் அங்கே காற்று கசிகிறது. வீட்டைச் சுற்றிப் பாய்லருக்குத் திரும்பும் ரிட்டர்ன் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே தங்கினால் பாய்லர் சுவரில் ஈரம் படிந்து தாரும் துருவும் சேரும். அதில் சூடான தண்ணீரைக் கலக்கும் மிக்ஸிங் வால்வைப் பாருங்கள். தண்ணீர் அழுத்தம் குளிர்ந்த நிலையில் பல வீடுகளில் 1 முதல் 1.5 பார். சூடானதும் தாறுமாறாக ஏறினால், விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்று வால்வை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது.

சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில்தான் எடுக்க வேண்டும். உள்ளே கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். பெல்லட் கிடங்கு அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், பாய்லர் ஓடாவிட்டாலும்கூட. அதற்கு வாசனையே கிடையாது. கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, டிடெக்டர் கையில் இருந்தால் மட்டும் உள்ளே போங்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும்.

குளிர்காலம் முடிந்ததும் ஸ்க்ரூவில் மிச்சமுள்ள பெல்லட்டை முழுக்க ஓட்டிக் காலி செய்யுங்கள். கோடையில் ஈரம் இழுத்து ஊதிய பெல்லட் ஸ்க்ரூவோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த பருவம் மோட்டாரைக் கழற்றித்தான் தொடங்கும். சாம்பலும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். அதனால் கடைசித் துலக்கலைப் பருவம் முடிந்த வாரத்திலேயே முடித்து, கதவைச் சற்றே திறந்து வைத்துவிடுங்கள்.