அத்தைக்கு வாங்கிய பி.பி. மெஷின்

எழுந்து நின்றாலே கிறுகிறுன்னு வருது என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர், வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். செவ்வாப்பேட்டையில் ஒரு மெடிக்கலில் மேல்கையில் மாட்டும் மெஷினாகக் கேட்டு வாங்கினோம். மணிக்கட்டில் கட்டுவது விலை குறைவுதான். ஆனால் கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் பிடிக்காவிட்டால் கணக்கு தப்பிவிடும். எங்கள் அத்தையிடம் அதெல்லாம் நடக்காது.

பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. அத்தைக்குச் சரி, மாமாவுக்குப் பற்றவில்லை. சின்னப் பட்டையை இழுத்துக் கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள், இன்னும் வந்தபாடில்லை.

இதில் உருப்படியான விஷயம், நேரத்தோடு சேமித்து வைப்பது. அத்தையை ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தால் 142/84. நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் 116/72. மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள், குழாயின் விறைப்பு குறைந்ததை உணர்ந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்கின்றன. உடனே, இதயத்தை மெதுவாக்கி வைக்கும் வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்த, இதயம் வேகமாகத் துடிக்கும். பரிவு நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். எல்லாம் சில நொடி வேலை. அத்தைக்கோ நாடித்துடிப்பு 74லிருந்து 77க்குத்தான் போயிருந்தது. டாக்டர் பி.பி.யைவிட அதைத்தான் உற்றுப் பார்த்தார். இவ்வளவு இறங்கும்போது துடிப்பு நன்றாக ஏறியிருக்கணும், பல வருஷச் சர்க்கரை நரம்பை மந்தமாக்கியிருக்கலாம் என்றார். மாத்திரையில் ஒன்றையும் மாற்றினார்.

குறை இல்லாமல் இல்லை. காற்றேறி இறங்கி எண் காட்ட முக்கால் நிமிடம் ஆகிறது. நின்றதும் சட்டென்று இறங்கி, நரம்புகள் தூக்கி நிறுத்திவிடும் பி.பி.யை இது பிடிக்காது. அப்புறம் மெஷின் எண்ணைச் சொல்லும் அந்தப் பேச்சு! இந்தி, ஆங்கிலம் இரண்டுதான். அத்தை அதற்குத் தமிழில் பதில் சொல்வார், அளக்கும்போது பேசினால் பி.பி. ஏறும். பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் நிற்கும்; கடையில் இதைச் சொல்லவே இல்லை.

நின்றால் தலை சுற்றுகிறவர்கள் உள்ள வீட்டுக்கு வாங்கலாம். அடாப்டரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், பெட்டியில் பேட்டரி மட்டும்தான்.